பதினாறு லட்சத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து நான்கு

போன மாதம் செங்கம் ரோட்டில் காலை நடை போய்க்கொண்டிருந்தபோது, கூட வரும் நண்பர் கேட்டார்: "சார், நீங்க ட்ரெஷரியில கணக்கு பார்த்தவர். வாக்கியம், திருக்கணிதம்னு ரெண்டு பஞ்சாங்கம் இருக்கே, எதுதான் சார் சரி? எங்க வீட்டுல அப்பா தெவசத்துக்கு ரெண்டு தேதி வருது."

ஆசிரம வாசல் வருவதற்குள் சொல்லி முடிக்கிற விஷயமில்லை, எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன். இந்த ஒரு கேள்வியால் எங்கள் வீட்டில் பதினோரு வருஷம் அண்ணன் தம்பி இரண்டு பேரும் ஒரே தகப்பனாருக்கு வெவ்வேறு நாளில் தெவசம் செய்தோம். அந்தக் கதையையும், அதற்குள் ஒளிந்திருந்த ஒரு எண்ணின் கதையையும் சேர்த்தே சொல்கிறேன். எண் இதுதான்: 16,00,984.

அப்பா 1978இல் காலமானார். ஐப்பசி மாதம், தேய்பிறை, விடிவதற்கு முந்தின நேரம். வாக்கியப் பஞ்சாங்கப்படி அப்போது சப்தமி முடியவில்லை. திருக்கணிதப்படி நள்ளிரவுக்கு முன்பே அஷ்டமி பிறந்துவிட்டது. நான் அம்மாவோடு இங்கே திருவண்ணாமலையில் இருந்தேன். இங்கே எல்லோரும் பார்ப்பது வாக்கியம். அண்ணன் சென்னையில் வேலை. "ஆகாசத்துல என்ன இருக்கோ அதைப் பார்த்துச் சொல்றதுதான்டா கணக்கு. உங்க ஊர்ல எப்பவோ எழுதினதை ஒப்பிச்சுக்கிட்டிருக்கீங்க" என்றார். அவர் என்னைவிட ஏழு வயது மூத்தவர். நானும் சும்மா இருக்கவில்லை. முதல் வருஷத் தெவசமே இரண்டு நாளாகப் பிரிந்தது. ஒரு நாள் இங்கே சமைத்துவிட்டு, அன்று ராத்திரியே பஸ் ஏறிப்போய் மறுநாள் அங்கேயும் அம்மா சமைத்தாள். இரண்டும் அவள் புருஷனுக்குத்தானே.

எங்கள் தெருக்கோடியில் அப்போது ஒரு பெரியவர் இருந்தார். நாள், நட்சத்திரம் பார்த்துச் சொல்வதுதான் பிழைப்பு. 1983 வாக்கில், கொஞ்சம் கோபத்தோடுதான் அவரிடம் போய், "உங்க பஞ்சாங்கத்தை யார் எழுதினது? எதை வைச்சு எழுதினது?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. உள்ளே போய் ஒரு சுருக்குப் பையைக் கொண்டுவந்து, திண்ணையில் சோழிகளைக் கொட்டினார். "ஒரு தேதி சொல்லுங்க" என்றார்.

அதற்கு முன்னால், வாக்கியம் என்ற சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. ரிஷிகள் சொன்ன வாக்கு, அதனால் வாக்கியப் பஞ்சாங்கம் என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். இங்கே வாக்கியம் என்றால் மனப்பாடம் செய்வதற்காகக் கட்டிய சின்னச் சின்னச் சொற்றொடர். சந்திரனுக்கு 248 வாக்கியங்கள் உண்டு. வரருசி செய்தது என்று வழிவழியாகச் சொல்வார்கள். ஒவ்வொரு வாக்கியத்தின் எழுத்துகளும் எண்களைக் குறிக்கும். கடபயாதி என்று பெயர். க என்றால் 1, ட என்றாலும் 1, ப, ய என்றாலும் 1. இப்படியே வரிசையாக எல்லா மெய்களுக்கும் எண் உண்டு. சொல்லைக் கடைசி எழுத்திலிருந்து முன்னோக்கி வாசித்தால் எண் கிடைக்கும். தமிழ் எழுத்தில் இது சங்கடம், ஏனென்றால் நமக்கு ஒரே ஒரு 'த'. கிரந்தத்தில் நான்கு 'த' இருப்பதால் அதில் எழுதினால் குழப்பமில்லை. பெரியவரின் சுவடிக்கட்டும் கிரந்தத்தில்தான் இருந்தது.

முதல் வாக்கியம் சொல்வது 12 பாகை 3 கலை. கடைசி வாக்கியம், அதாவது 248ஆவது, 27 பாகை 44 கலை. சந்திரன் ஒரு குறிப்பிட்ட இடத்திலிருந்து புறப்பட்டால், முதல் நாள் எவ்வளவு தூரம் போயிருக்கும், இரண்டாம் நாள் எவ்வளவு என்று 248 நாளுக்கான பட்டியல் இது. காகிதம் தேவையில்லை. வாயில் இருக்கிறது.

ஏன் 248? சந்திரன் பூமியைச் சுற்றும் பாதை சரியான வட்டமில்லை. ஒரு நேரம் பக்கத்தில் வரும், ஒரு நேரம் தள்ளிப் போகும். பக்கத்தில் வரும்போது வேகமாக ஓடும், தள்ளிப் போனால் மெதுவாக நகரும். மிகத் தொலைவில் இருக்கும் இடத்தை நம் நூல்கள் உச்சம் என்கின்றன. (ஜோசியக் கட்டத்தில் ரிஷபத்தில் சந்திரன் உச்சம் என்கிறோமே, அது வேறு.) ஒரு உச்சத்திலிருந்து மறு உச்சத்துக்கு 27 நாளும் பதின்மூன்றேகால் மணி நேரமும் ஆகிறது. அப்படி 9 சுற்று போனால் 248 நாள், கிட்டத்தட்ட. அதனால் 248 நாளுக்கு ஒரு தடவை சந்திரனுடைய வேக நடையும் மெதுநடையும் முதலிலிருந்து திரும்ப வரும். பட்டியலைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம்.

அந்த 'கிட்டத்தட்ட' என்பதில்தான் இவர்களுடைய சாமர்த்தியம் இருக்கிறது. 248 நாள் என்பது 9 சுற்றுக்கு ஏறத்தாழ 13 நிமிடம் அதிகம். பெரிதாகத் தோன்றாது. ஆனால் எழுநூறு வருஷம் 248ஐ மட்டுமே நம்பிப் போனால் ஒன்பது நாளுக்கு மேல் பிசகிவிடும். இப்போது 55 நாளை எடுத்துக்கொள்ளுங்கள். அது 2 சுற்றுக்கு 157 நிமிடம் குறைவு. பன்னிரண்டு 248ஐயும் ஒரு 55ஐயும் சேர்த்தால்? பன்னிரண்டு பதின்மூன்று 156 நிமிடம் அதிகம், அந்தப் பக்கம் 157 நிமிடம் குறைவு. ஒன்றையொன்று அடித்துவிடுகிறது. மொத்தம் 3,031 நாள், 110 சுற்று. எட்டேகால் வருஷத்தில் பிசகு முக்கால் நிமிடம்கூட இல்லை. அதற்கும் மேலே ஒரு படி வைத்தார்கள். நான்கு 3,031, ஒரு 248, ஆக 12,372 நாள், 449 சுற்று. ஏறக்குறைய 34 வருஷம்.

இந்த மூன்றுக்கும் பெயர் உண்டு. 248க்குத் தேவரம். தே 8, வ 4, ர 2, திருப்பிப் படித்தால் 248. 3,031க்குக் கலானிலம். 12,372க்கு ரஸகைரிகா. பெரியவர் இந்தப் பெயர்களைப் பேரப்பிள்ளைகளைக் கூப்பிடுகிற மாதிரி சொல்லுவார். "ரஸகைரிகா எத்தனை தடவை போகுது பாருங்க."

இவற்றுக்கெல்லாம் முன்னால் கழிக்க வேண்டிய எண் ஒன்று இருந்தது. அதை அவர் 'வேதம்' என்றார். வே 4, த 8. எண்ணின் கடைசி இரண்டு இலக்கம் 84 என்பது அதில் வந்துவிடுகிறது. முழு எண் 16,00,984.

எனக்கு அங்கேதான் ஆர்வம் பிடித்தது. 248க்குக் காரணம் இருக்கிறது, 3,031க்குக் காரணம் இருக்கிறது. பதினாறு லட்சத்துச் சொச்சத்துக்கு என்ன காரணம்? வீட்டுக்கு வந்து, கரண்ட் இல்லாத ராத்திரி ஒன்றில், லாந்தர் வெளிச்சத்தில் அதைப் பிரித்துப் பார்த்தேன். 8, 7, 11, 23, 113. இவ்வளவையும் பெருக்கினால் 16,00,984. எட்டும் பதினொன்றும் இருபத்து மூன்றும் எனக்கு ஒன்றும் சொல்லவில்லை. ஏழு சொல்லிற்று.

கலியுகம் தொடங்கியது கிறிஸ்து பிறப்பதற்கு 3,102 வருஷம் முன்னால், பிப்ரவரி 18, வெள்ளிக்கிழமை சூரிய உதயம் என்பது நம் கணித நூல்களின் கணக்கு. அன்றிலிருந்து ஓடிய நாளை எண்ணினால் அது கலி தினம். அதை ஏழால் வகுத்து மீதி வராவிட்டால் அன்று வெள்ளிக்கிழமை. 16,00,984 ஏழால் மீதியில்லாமல் வகுபடுகிறது. ஆகவே அதுவும் ஒரு நாள்தான், ஒரு வெள்ளிக்கிழமை! எந்த வெள்ளிக்கிழமை என்று கணக்குப் போட்டால் 1282 மே 22 வருகிறது.

1282 என்றால் நம் ஊரை நினைத்துப் பாருங்கள். ராஜகோபுரம் கிடையாது, கிருஷ்ணதேவராயர் வர இன்னும் 200 வருஷத்துக்கு மேல் இருக்கிறது. வல்லாள மகாராஜாவே பட்டத்துக்கு வரப் பத்து வருஷம் பாக்கி. மதுரையில் மாறவர்மன் குலசேகர பாண்டியன். அந்தக் காலத்தில், காஞ்சிபுரம் பக்கத்தில் யாரோ ஒருவர், தன் பெயரைக்கூட எழுதிவைக்காமல், 'வாக்கியகரணம்' என்ற நூலைச் செய்தார். 1300ஐ ஒட்டியது என்று கணிக்கிறார்கள். சுந்தரராஜர் என்பவருடைய உரையோடு குப்பண்ண சாஸ்திரியும் கே.வி. சர்மாவும் அதைப் பதிப்பித்து, 1962இல் சென்னை குப்புசாமி சாஸ்திரி ஆராய்ச்சி நிலையம் வெளியிட்டது. நம் வாக்கியப் பஞ்சாங்கங்களுக்கெல்லாம் அதுதான் தாய்.

அந்த வெள்ளிக்கிழமையை ஏன் பிடித்தார்? அன்று சூரிய உதயத்தில் சந்திரன் உச்சத்தில், அதாவது மிகத் தொலைவில், நின்றது என்பது அவர்கள் கணக்கு. ஆரியபடரின் அளவுகளை எடுத்துக்கொண்டு நானே போட்டுப் பார்த்தேன். 16,00,984 நாளில் சந்திரன் 58,102 சுற்றும், கால் சுற்றுக்குக் கொஞ்சம் குறைவாகவும் போயிருக்கிறது. கலியுகம் தொடங்கியபோது அது உச்சத்துக்குக் கால் சுற்று பின்னால் இருந்தது என்பதும் அவர் சொன்னதே. ஆக, அந்தக் கால் சுற்றும் தீர்ந்து, உச்சத்தில் வந்து நிற்கிறது. அந்தச் சிறு குறைக்கும் பிற்காலத்தில் திருத்தம் வைத்திருக்கிறார்கள்.

ட்ரெஷரியில் வேலை பார்த்தவனுக்கு இது உடனே புரியும். லெட்ஜரில் பக்கம் முடிந்ததும் என்ன செய்வோம்? முந்தின பக்கத்து மொத்தத்தை அடுத்த பக்கத்தின் தலையில் ஒரு வரியாக எழுதிவிட்டு மேலே போவோம். 4,383 வருஷத்துக் கணக்கை அந்த மனிதர் ஒரே வரியில் எழுதிவிட்டார். இந்த நாள், இந்த எண், சந்திரன் இருந்த இடம் 7 ராசி 2 பாகை 0 கலை 7 விகலை. இனி யாரும் கலியுகத் தொடக்கத்துக்குப் போக வேண்டாம்.

7 ராசி 2 பாகை என்றால் விருச்சிகத்தில் இரண்டு பாகை, விசாகம் நான்காம் பாதம். மாதம் வைகாசி. அந்த வெள்ளிக்கிழமை வைகாசி விசாகம்! பௌர்ணமிக்கு இரண்டு நாள் இருந்தது. அதற்காகத்தான் அந்த நாளை எடுத்தார் என்று நான் சொல்லவில்லை. உச்சம் ஏறக்குறைய சூரிய உதயத்தில் விழுகிற நாள் அடிக்கடி கிடைக்காது, கிடைத்ததை எடுத்திருப்பார். ஆனாலும் இதைக் கண்டுபிடித்த அன்று எழுந்துபோய் அம்மாவிடம் சொன்னேன். "முருகனுக்கு உகந்த நாள்தானே, பின்ன தப்பாவா போகும்" என்றாள். அண்ணன் பக்கம் சாயாமல் என் பக்கம் அவள் பேசிய ஒரே தடவை அதுதான்.

சரி, திண்ணைக்குத் திரும்புவோம். பெரியவர் தேதி கேட்டார் அல்லவா? அப்பா இறந்த தேதியைச் சொல்ல வாய் வரவில்லை. இந்தப் பக்கத்து ஆளாகையால் வாயில் வந்தது ரமணர் நிர்வாணமடைந்த நாள், 1950 ஏப்ரல் 14. அன்றைய கலி தினம் 18,44,920. (ஏழால் வகுத்துப் பாருங்கள், மீதியில்லை. அன்று வெள்ளிக்கிழமைதான்.)

சோழிகளை இடத்துக்குத் தக்கபடி குவியலாக வைத்தார். பூஜ்யத்துக்கு வெற்றிடம். முதலில் வேதத்தைக் கழித்தார்: 2,43,936. அதில் ரஸகைரிகா 19 தடவை, மீதி 8,868. கலானிலம் 2 தடவை, மீதி 2,806. தேவரம் 11 தடவை, மீதி 78. ஆகவே அன்றைக்கு உரியது 78ஆவது வாக்கியம்.

ஒவ்வொரு கட்டுக்கும் சந்திரன் நகர்ந்த தூரம் தனியே மனப்பாடம். ரஸகைரிகாவுக்கு 9 ராசி 27 பாகை 48 கலை 10 விகலை. கலானிலத்துக்கு 11 ராசி 7 பாகை 31 கலை 1 விகலை. தேவரத்துக்கு 27 பாகை 44 கலை 6 விகலை. அத்தனை தடவை பெருக்கி, வேதத்தின் 7 ராசி 2 பாகையோடு கூட்டி, முழுச் சுற்றுகளைத் தள்ளினால் நிற்பது 10 பாகை 22 கலை 25 விகலை. 78ஆவது வாக்கியம் ஏறக்குறைய 312 பாகை. இரண்டும் சேர்ந்து 322 பாகையைத் தாண்டுகிறது. கும்ப ராசி, பூரட்டாதி. சில்லறைத் திருத்தங்களை இங்கே விட்டுவிட்டேன்.

சூரியன் அன்று மேஷத்தின் முதல் பாகையில். சித்திரை பிறந்த சமயம் அல்லவா. சந்திரன் சூரியனைவிட்டு 12 பாகை விலகினால் ஒரு திதி. 26 திதிக்கு 312 பாகை. 322 என்றால் 27ஆவது திதி, தேய்பிறை துவாதசி, நடந்துகொண்டிருக்கிறது. 324 பாகையில் திரயோதசி பிறக்க வேண்டும். மிச்சமிருக்கும் இரண்டு பாகைக்கு நான்கு மணி நேரம் ஆகும். அதாவது முற்பகலில் திரயோதசி பிறந்துவிடுகிறது, ரமணர் நிர்வாணமடைந்த இரவு 8.47க்குத் திரயோதசி. ஆசிரமத்தில் ஆண்டுதோறும் ஆராதனை நடப்பது தேய்பிறை திரயோதசியில்தான் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும்.

பெரியவருக்கு நான் எந்த நிகழ்ச்சியின் தேதியைக் கொடுத்தேன் என்று சொல்லவில்லை. "தேய்பிறை, ராத்திரியில திரயோதசி" என்று சொல்லிவிட்டுச் சோழியைப் பைக்குள் அள்ளிப் போட்டார். எனக்கு உடம்பு சிலிர்த்தது. 1282இல் யாரோ போட்ட கணக்குத்தானே, 1950க்கு வந்து நிற்கிறது.

அவருக்கு, ஏன் இப்படி வருகிறது என்று தெரியாது. உச்சம் என்றால் என்ன என்று கேட்டேன், "அதெல்லாம் பெரியவங்க வைச்சது" என்றார். அப்போது எனக்கு ஏமாற்றமாக இருந்தது. பிறகு படித்தபோது, இதே ஏமாற்றத்தை 1825இல் ஒரு வெள்ளைக்காரரும் அடைந்திருப்பது தெரிந்தது.

ஜான் வாரன் பிரெஞ்சு வம்சத்தவர், ஆங்கிலேயரின் படையில் இருந்தவர். கோலாரில் தங்கம் இருப்பதை 1802இல் ஆராய்ந்து எழுதியவர் அவர்தான். சென்னை வானாய்வு நிலையத்தை 1805 முதல் 1811 வரை பார்த்துக்கொண்டார். நம் நாட்காட்டிக் கணக்குகளையெல்லாம் தொகுத்து 'காலசங்கலித' என்ற பெரிய நூலை 1825இல் சென்னையில் வெளியிட்டார். புதுச்சேரியில் ஒரு பஞ்சாங்கக்காரரை அவர் சந்தித்தார். பெயரைச் சாமி நாதன் சாஷியா என்பது போல எழுதிவைத்திருக்கிறார், நம் காதுக்கு அது சாமிநாத சேஷய்யா. அந்த மனிதர் தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடச் சொற்களை வைத்துக்கொண்டே, 1825 மே 31 இரவு நடக்க வேண்டிய சந்திர கிரகணத்தைக் கணக்கிட்டுக் காட்டினார். சித்தாந்தம் ஒரு வார்த்தை அவருக்குத் தெரியாது, ஆனால் ஞாபக சக்தி அபாரம் என்று வாரன் எழுதுகிறார். கிரகணம் பிடித்த நேரத்தில் பிசகு 4 நிமிடம், நடுவில் 23 நிமிடம், விட்ட நேரத்தில் 52 நிமிடம். புத்தகமோ கருவியோ இல்லாமல் இவ்வளவு.

வாரனுக்கும் முன்னால், அதே புதுச்சேரியில் லெ ஜான்டீல். பாவப்பட்ட மனிதர். சூரியனின் குறுக்கே வெள்ளி போவதைப் பார்க்க 1760இல் பிரான்சிலிருந்து கப்பலேறினார். வந்து சேர்வதற்குள் புதுச்சேரியை ஆங்கிலேயர் பிடித்துவிட்டார்கள். 1761இல் நடுக்கடலில், ஆடும் கப்பலிலிருந்து பார்த்துப் பயனில்லை. அடுத்தது 1769 ஜூனில். எட்டு வருஷம் இந்தப் பக்கக் கடல்களிலேயே சுற்றிக் காத்திருந்தார். 1768இல் புதுச்சேரிக்கு வந்து, இடிந்த கோட்டையின் மேல் ஆய்வுக்கூடம் கட்டிக்கொண்டு தயாராக இருந்தார். அந்த நாள் காலையில் மேகம் மூடிவிட்டது! ஆனால் அந்தக் காத்திருப்பில் தமிழர்களிடம் இந்தக் கணக்கைக் கற்றுக்கொண்டார். ஏற்கெனவே நடந்து முடிந்திருந்த 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணத்தை அவருக்கு ஒரு தமிழர் கணித்துக் காட்டினார். கிரகணம் நீடித்த நேரத்தில் பிசகு 41 செகண்டு குறைவு. ஐரோப்பாவில் அப்போது மிகச் சிறந்ததென்று பெயர் வாங்கிய டோபியாஸ் மாயரின் அட்டவணைப்படி 68 செகண்டு அதிகம். (விநாடி என்று எழுதாமல் செகண்டு என்று எழுதக் காரணம் உண்டு. பஞ்சாங்க விநாடி ஒன்றுக்கு 24 செகண்டு.)

இதைப் படித்துவிட்டுப் பெருமையடித்துக்கொள்ள ஆசையாக இருக்கும். எனக்கும் இருந்தது. ஆனால் 41 செகண்டு அதிர்ஷ்டமும்தான் என்பதை வாரன் கண்ட 52 நிமிடம் சொல்லிவிடுகிறது. இன்னொன்று. ஆட்டோ நியூகபவர் என்ற பழங்கணித ஆராய்ச்சியாளர் 1952இல் 'தமிழ் வானியல்' என்றே தலைப்பிட்டு ஒரு கட்டுரை எழுதினார். 248 நாள், 9 சுற்று என்பது பாபிலோனியக் களிமண் பலகைகளில் கிறிஸ்துவுக்கு முன்பே இருக்கிறது. 3,031 எகிப்தில் கிடைத்த ஒரு கிரேக்கப் பாப்பிரஸில் இருக்கிறது. நம் வராகமிகிரரிடமும் இரண்டும் உண்டு. சோழியை நகர்த்திய புதுச்சேரிக்காரர் கையில், எங்கோ யூப்ரடீஸ் கரையில் புறப்பட்ட கணக்கு இரண்டாயிரம் வருஷம் கழித்தும் உயிரோடு இருந்தது. பாபிலோனில் அது எப்போதோ அழிந்துவிட்டது, நம் திண்ணையில் நான் பார்த்தேன். என் அளவில் இதுவே போதுமான பெருமை.

ஒரு வேடிக்கையும் சொல்ல வேண்டும். மேல்படியான 12,372தான் மிகத் துல்லியம் என்பது வாக்கியக்காரர்களின் எண்ணம். ஆரியபடர் அளவை வைத்துப் பார்த்தால் அது சரியே. இன்றைய அளவை வைத்துப் பார்த்தால் நடுப்படியான 3,031தான் இன்னும் நெருக்கம். 12,372இல் ஒவ்வொரு சுற்றுக்கும் பத்து நிமிடம் மிஞ்சுகிறது. 1282இலிருந்து இதுவரை சேர்ந்தது மூன்றே முக்கால் மணி நேரம். உச்சம் இவ்வளவு நேரம் பிசகினால் சந்திரன் நிற்கும் இடத்தில் அதிகபட்சம் ஆறில் ஒரு பாகைதான் தப்பு வரும், திதிக்கு இருபது நிமிடம். எழுநூற்று நாற்பது வருஷத்துக்கு இது ஒன்றுமேயில்லை.

அப்படியானால் எங்கள் வீட்டுச் சண்டையில் வந்த நாலைந்து மணி நேரம் எங்கிருந்து வந்தது? இதைத்தான் நடை நண்பர் முக்கியமாகக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

தப்பு அந்த எண்ணில் இல்லை. வாக்கியத்தில் சந்திரனின் ஏற்ற இறக்கம் ஒன்றே ஒன்றுதான், அதிகபட்சம் 5 பாகை. உண்மையில் சூரியனும் சந்திரனை இழுக்கிறது. அந்த இழுப்பால் பாதையின் வடிவமே மாறி மாறி வரும். அமாவாசை, பௌர்ணமி சமயத்தில் எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய அந்த 5 பாகைக்குள் அடங்கிவிடும். வளர்பிறை, தேய்பிறை அஷ்டமி பக்கம் வரும்போது ஏழரை பாகை வரை போகும். மீதமான இரண்டரை பாகை வாக்கியத்தில் இல்லை. இரண்டரை பாகை என்பது திதிக் கணக்கில் ஐந்து மணி நேரம். கிரேக்கர் தாலமி இதைக் கண்டார். நம் நாட்டில் முஞ்சாலர் 932இல் தன் நூலில் இதற்குத் திருத்தமே கொடுத்திருக்கிறார். வாக்கியகரணம் செய்தவருக்கு அது எட்டவில்லையோ, வேண்டாம் என்று விட்டாரோ. கிரகணம் சரியாக வந்தால் போதும் என்ற காலத்தில், கிரகணம் எப்போதும் அமாவாசையிலும் பௌர்ணமியிலும்தானே வரும்? அதனால் பிசகு வெளியே தெரியவே இல்லை.

கிரிவலம் போகிறவர்கள் பௌர்ணமி நேரத்தை எந்தப் பஞ்சாங்கத்தில் பார்த்தாலும் பெரிய வித்தியாசம் வராது. அஷ்டமி, நவமியில் இறந்தவர்கள் வீட்டில்தான் வழக்கு வரும். எங்கள் அப்பா தேய்பிறை அஷ்டமியின் வாசலில் போனார்.

இந்த வித்தியாசத்தைச் சரிசெய்யத்தான் திருக்கணிதம் வந்தது. சென்னை வானாய்வு நிலையத்தில் வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாசாரி தமிழ்நாட்டில் அதற்கு வழி போட்டார். 1867இல் புதிய மாறுவிண்மீன் ஒன்றைக் கண்டுபிடித்தவர். 1874இல் வெள்ளி சூரியனைக் கடந்தபோது நம் ஜனங்களுக்குப் புரியும்படி சிறு நூல் எழுதினார். ஆகாயத்தில் தெரிவதோடு ஒத்துப்போகிற திருக்கணிதப் பஞ்சாங்கம் போட்டார். 1880இல் காலமானார். அவர் பக்கம்தான் வானத்துச் சந்திரன் இருக்கிறது, அதில் சந்தேகமே வேண்டாம். ஆனாலும் கோயில்கள் பல வாக்கியத்தை விடவில்லை. 2023இல் சனிப்பெயர்ச்சி திருக்கணிதப்படி ஜனவரியிலேயே ஆகிவிட்டது. திருநள்ளாற்றில் விழா நடந்தது டிசம்பர் 20இல். கூட்டம் குறையவில்லை.

இதையெல்லாம் ஒருவழியாகப் புரிந்துகொண்ட பிறகு, 1990இல் அண்ணனுக்கு ஒரு இன்லண்ட் கடிதம் எழுதினேன். இடம் பற்றாமல் ஓரத்திலெல்லாம் எழுதினேன். உங்கள் கணக்குத்தான் வானத்தோடு ஒட்டுகிறது, எங்கள் கணக்கில் இந்த இரண்டரை பாகை கிடையாது, இருந்தாலும் அப்பாவும் தாத்தாவும் தங்கள் பெரியவர்களுக்குத் திதி கொடுத்தது இந்தக் கணக்கில்தான், அம்மாவுக்கு இனி இரண்டு தடவை சமைக்க முடியவில்லை என்று எழுதினேன். பதில் கார்டில் ஒரே வரி. "சரி, வர்றேன். அம்மாவை அலையவிடாதே."

அந்த வருஷத்திலிருந்து தெவசம் இங்கேதான், வாக்கியப்படிதான். அண்ணன் ஒவ்வொரு வருஷமும் இலையில் உட்காரும்போது, "நிஜமான அஷ்டமி நாளைக்குத்தான்" என்று சொல்லாமல் இருந்ததில்லை. நாங்களும் அதைக் கேட்காமல் சாப்பிட்டதில்லை.

பெரியவர் போய் இருபது வருஷமாகிறது. அவர் வீட்டார் சோழிப் பையை என்னிடம் கொடுத்தார்கள். சமீபத்தில் அதை எடுத்துவைத்துக்கொண்டு, 1282இலிருந்து ரஸகைரிகா எத்தனை ஓடியிருக்கிறது என்று பார்த்தேன். 22ஆவது சுற்று முடிகிற நாள் கலி தினம் 18,73,168. அதாவது 2027 ஆகஸ்ட் 16, திங்கட்கிழமை. அன்று காலை மீதி பூஜ்யம். கழித்து வகுத்தால் கலானிலமும் கிடையாது, தேவரமும் கிடையாது, வாக்கியமும் கிடையாது. தரையில் ஒரு சோழிகூட நிற்காது. சந்திரனும் பௌர்ணமிக்குப் பக்கத்தில், உச்சத்தை ஒட்டி, வழக்கத்தைவிடக் கொஞ்சம் சின்னதாகத் தெரியும்.

அண்ணனிடம் போனில் சொன்னேன். அப்போது அவருக்கு 86 ஆகியிருக்கும். "திருக்கணிதத்துல அன்னிக்கு உச்சம் எத்தனை மணிக்குன்னு நானும் பார்த்து வைக்கிறேன், வந்து சொல்றேன்" என்றார்.